நட்டாச்சு, தண்ணி யாரு ஊத்துறது?

போன ஜூன் அஞ்சாம் தேதி எங்க ஏரியாவுல மரம் நட்டாங்க. பேனரு, மைக்கு, டீ, சமோசா, தலைக்குப் பச்சைத் தொப்பி, எல்லாம் உண்டு. பூங்கா ஓரத்துலயும் மெயின் ரோட்டு ஓரத்துலயும் வரிசையா புங்கங்கன்னு வெச்சாங்க. ஆளுக்கு ஒரு பூவாளித் தண்ணி, ஆளுக்கு நாலு போட்டோ. பதினோரு மணிக்கெல்லாம் இடம் காலி.

ஆடி பொறந்ததும் அந்தப் பக்கம் போறேன், வரிசையா குச்சிங்க நிக்குது.

எனக்கு அப்படி ஒரு கோவம். (எந்த அமைப்புன்னு சொல்லப்போறதில்ல. ஊருக்கு ஊரு இதே கதைதான், பேரு மட்டும்தான் மாறும்.)

ஒரு குச்சியப் புடிச்சு லேசா இழுத்தேன். கையோட வந்துடுச்சு. கூடவே கறுப்பு பாலித்தீன் பையும் வந்துச்சு. பையக் கிழிக்காமலே குழிக்குள்ள எறக்கியிருக்காங்க! பிரிச்சுப் பார்த்தேன். உள்ள செம்மண்ணு காஞ்சு இறுகிக் கெடக்கு. வேரு வெளிய போக வழி தேடி பையோட சுவத்துல முட்டி, சுத்திச் சுத்தி வந்து, அடியில கத்தையா சுருண்டு போயிருக்கு. அங்கங்க நுனி கறுத்து அழுகியிருக்கு. வெளிய அவ்வளவு மண்ணு இருக்கு. அந்தக் கன்னுக்கு அது எட்டவே இல்ல.

அன்னிக்கு ராத்திரியே எழுதணும்னு நெனச்ச பதிவு இது. கோவம் ஆறட்டும்னு விட்டு வெச்சேன். ஆறல. எழுதிடறேன்.

முதல்ல அந்தத் தேதி. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம், 1950-ல கே.எம். முன்ஷி மத்திய அமைச்சரா இருந்தப்ப தொடங்கி வெச்சது. ரெண்டும் நல்ல விஷயம்தான். கேரளாவுக்கும் கொங்கண் பக்கத்துக்கும் அந்தத் தேதிங்க அம்சமா பொருந்தும், தென்மேற்குப் பருவமழை கொட்டுற நேரம். நம்ம கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, வால்பாறைக்கும் சரி.

ஆனா சென்னை, செங்கல்பட்டு, கடலூர், ராமநாதபுரம்? அக்னி நட்சத்திரமே மே கடைசிலதான் முடியுது. முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆயிருக்கும், தரை இன்னும் கொதிச்சுக்கிட்டு இருக்கும். நமக்குப் பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகைலதான். புரட்டாசி கடைசில, ரெண்டு மழை பேஞ்சு மண்ணு எளகினதும் நட்டா, வானமே ரெண்டு மாசம் தண்ணி ஊத்தும். அப்புறம் மார்கழிப் பனி, தை. பங்குனி வெயில் வர்றதுக்குள்ள வேரு ஓரளவு எறங்கிடும். ஜூன்ல நட்டா ஐப்பசி மழை வர்ற வரைக்கும் தண்ணி மனுஷன்தான் ஊத்தணும். ஊத்த ஆளு இருந்தா தாராளமா நடுங்க. ஆளு இல்லாம நடாதீங்க.

ஜூன் 5 அன்னிக்கு ஏதாச்சும் பண்ணியே ஆகணுமா? போன வருஷம் நட்ட கன்னுக்குப் பாத்தி கட்டித் தண்ணி விடுங்க. களை எடுங்க. போட்டோவும் எடுத்துப் போடுங்க, முதல் லைக் என்னோடது.

சரி, நட்டதுக்கப்புறம் கன்னுக்கு என்னதான் ஆகுது?

நர்சரில அது எப்படி வளந்துச்சுன்னு பாருங்க. மேல நிழல்வலை. காலைலயும் சாயந்தரமும் தண்ணி. பக்கத்துல பக்கத்துல நூறு கன்னு, காத்து கூட நேரா படாது. அங்கேர்ந்து தூக்கி வண்டில ஏத்தி, தார் ரோட்டு ஓரமா உச்சி வெயில்ல நிறுத்தறோம். மேல இலைங்க எப்பவும் போலத் தண்ணிய ஆவியா விட்டுக்கிட்டே இருக்கு. கீழ வேரு இன்னும் ஒரு பை அளவு மண்ணுக்குள்ளதான் இருக்கு. வரவு கம்மி, செலவு அப்படியே. அதனாலதான் நட்ட ஒரு வாரத்துல இலை தொங்குது, உதிருது. வேரு அந்த உருண்டைய விட்டு வெளிய வந்து நம்ம மண்ணப் புடிக்கற வரைக்கும் கன்னு நம்மள நம்பித்தான் நிக்குது. ரோட்டோர மரத்துக்கு ரெண்டு கோடை தாண்டணும். மண்ணு மோசம்னா மூணு.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். சுத்தி இருக்கற தரை ஈரமா இருக்கும், கன்னோட வந்த மண்ணு மட்டும் உள்ள காஞ்சு கெடக்கும். நர்சரி மண்ணு செம்மண்ணு, மணலு, எரு கலந்த லேசான மண்ணு. சீக்கிரம் காயும். நம்ம தரை களிமண்ணா இருந்தா அங்கேர்ந்து இங்க ஈரம் சட்டுனு பாயாது. அதனால முதல் சில வாரம் தண்ணி அந்த வேர் உருண்டை மேலயே விழணும். தள்ளி ஒரு பெரிய வட்டம் போட்டு அதுல ஊத்திட்டு "நான் தினமும் ஊத்தறேனே, ஏன் காயுது"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. காரணம் இதுதான்.

அப்புறம் கன்னு தளிர் விட ஆரம்பிச்சதும் பாத்திய மெல்ல மெல்ல அகலப்படுத்தணும். தண்ணிய உறிஞ்சற மெல்லிசு வேரெல்லாம் வெளிப்பக்கமா பரவிக்கிட்டே போகும். கிளை எவ்வளவு தூரம் விரியுதோ அந்த எல்லைக்குக் கீழ ஊத்தணும். தண்டுக்குப் பக்கத்துல சின்னதா மண்ண மேடு கட்டி விட்டுடுங்க. தண்டச் சுத்தி எப்பவும் தண்ணி தேங்கினா பட்டை அழுகும்.

எவ்வளவு ஊத்தறது?

தினமும் ஒரு சொம்பு தெளிக்கறது பாசமான காரியம்தான், ஆனா கன்னுக்கு உதவாது. மேல ஒரு இஞ்ச் நனையும். வேரும் ஈரம் இருக்கற அந்த ஒரு இஞ்சுக்கே மேல வந்து நிக்கும். ஏப்ரல் வெயில்ல முதல்ல காயறது அந்த ஒரு இஞ்சுதான். ஒரு குடம் தண்ணிய மெதுவா, ஊறி ஊறி எறங்கற மாதிரி ஊத்தினா வேரும் ஈரத்தைத் தேடிக் கீழ போகும். (பிளாஸ்டிக் குடம்னா சுமாரா பதினஞ்சு லிட்டர் புடிக்கும்.) மழை இல்லேன்னா முதல் ரெண்டு வாரம் தினமும் அரைக்குடம். அப்புறம் மூணு நாளைக்கு ஒருக்கா ஒரு குடம். வேரு புடிச்சதும் வாரத்துக்கு ஒண்ணு போதும். சித்திரை, வைகாசில வாரத்துக்கு ரெண்டு.

இது மனப்பாடம் பண்ற கணக்கு இல்ல. மணல் பூமிக்கு அடிக்கடி வேணும், களிமண்ணுக்குக் கம்மி. ஒரு குச்சிய நாலு இஞ்ச் ஆழம் குத்தி எடுங்க. குச்சில மண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா அன்னிக்கு விட்டுடுங்க. தண்ணி ஜாஸ்தியானாலும் இலை தொங்கும், கம்மியானாலும் தொங்கும், அதான் குழப்பமே. ஓரம் கருகி மொறுமொறுன்னு இருந்தா தாகம். மஞ்சளாகி மெத்துனு உதிர்ந்தா உள்ள தண்ணி தேங்கி வேரு மூச்சு முட்டுது.

வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. நான் பாட்டிலையும் வெச்சுப் பார்த்தேன், பானையையும் வெச்சுப் பார்த்தேன். பெட் பாட்டில்ல ஓட்டை போட்டுக் கவுத்து வெக்கறது பார்க்க அழகா இருக்கும். ஓட்டை கொஞ்சம் பெருசானா உடனே காலி, சின்னதானா மண்ணு அடைச்சுக்கும். மண்பானைதான் ஜெயிச்சுது. பெயிண்ட் அடிக்காத சாதாரணப் பானை. கன்னுலேர்ந்து ஒரு அடி தள்ளி, கழுத்து வரைக்கும் பொதைச்சு, தண்ணி ரொப்பி மூடி வெச்சுடணும். (மூடி கட்டாயம். இல்லேன்னா டெங்கு கொசுவுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்.) மண்ணு காய்ஞ்சா பானை கசியும். மண்ணு ஈரமா இருந்தா கசிவு தானா கொறையும். வேருங்க அந்தப் பக்கமா போய் பானையச் சுத்திப் புடிச்சுக்கும். குயவர்கிட்ட கீறல் விட்ட பானை, விக்காத பானை கேட்டீங்கன்னா கம்மி விலைக்கே கெடைக்கும்.

எந்தத் தண்ணிங்கறதும் முக்கியம். அரிசி களைஞ்ச தண்ணி, காய் கழுவின தண்ணி நல்லாவே ஊத்தலாம். ஏசித் தண்ணியும் ஊத்தலாம். ஆர்.ஓ. மிஷின் வெளிய தள்ற தண்ணி வேண்டாம். போர் தண்ணில இருக்கற உப்பெல்லாம் அதுல இன்னும் அடர்த்தியா வரும், மண்ணு மேல வெள்ளை பூக்கும், இலை ஓரம் கருகும். அத வெச்சு வாசலக் கழுவுங்க. கடலோரமா, போரே உப்புன்னா, அதைத் தாங்கற பூவரசும் புங்கையும் வைங்க.

இப்ப அந்தக் குச்சிங்க விஷயத்துக்கு வர்றேன். வரிசைல ஒரே ஒரு கன்னு மட்டும் தளதளன்னு நின்னுச்சு. தள்ளுவண்டில இஸ்திரி போடற அண்ணன் பக்கத்துல. பக்கத்து கிளினிக் ஏசி பைப்புக்குக் கீழ ஒரு பழைய பெயிண்ட் வாளி வெச்சிருக்காரு. ரொம்பினதும் கன்னுக்கு ஊத்தறாரு.

"இது மட்டும் எப்படிண்ணே தப்பிச்சுது?"

"நெழலு வேணாவாம்மா? நாள்பூரா நெருப்புப் பொட்டியப் புடிச்சிக்கினு நிக்கறேன். இது தலைய எடுத்துச்சுன்னா இதுங்கீழதான் நம்ம வண்டி."

நான் இந்தப் பதிவுல சொல்ல வந்தது மொத்தமும் இதுதாங்க. அந்தக் கன்னுக்கு ஒரு ஆளு இருந்தாரு, மத்ததுக்கு இல்ல. உரம், வகை, குழி அளவு எல்லாம் அதுக்கு அப்புறம். கன்னு வெச்ச எடத்துக்கு எதிர்ல வீடுங்க இருக்கு, டீக்கடை இருக்கு, வாட்ச்மேன் இருக்காரு. குழி தோண்டறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட "இதப் பார்த்துக்கறீங்களா"ன்னு யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்கல. நானே விசாரிச்சேன்.

அண்ணன்கிட்ட பேசிட்டு, காஞ்சு நின்ன குச்சிங்கள ஒவ்வொண்ணா பார்த்தேன். குச்சியாயிடுச்சுன்னு உடனே புடுங்கிடாதீங்க. தண்டுல நகத்தால ஒரு நெல்லு அளவுக்குச் சுரண்டுங்க. பட்டைக்கு அடியில பச்சையா, ஈரமா இருந்தா உசுரு இருக்கு. பழுப்பா வறண்டிருந்தா இன்னும் கொஞ்சம் கீழ எறங்கிச் சுரண்டுங்க. அடித்தண்டு மட்டும் பச்சைன்னாலும் பொழைக்க வாய்ப்பிருக்கு. அந்த வரிசைல சிலது பச்சை காட்டுச்சு. அதுங்கள மெதுவா எடுத்து, பையக் கிழிச்சு, சுருண்ட வேர ஓரத்துல கீறி விரிச்சு விட்டு, திரும்ப நட்டு, வாளில தண்ணி ஊத்தினோம். அண்ணன், எதிர்வீட்டு அக்கா, நான். கொஞ்ச நாள்ல கணுக்கள்ல செம்பு நிறத்துல தளிர் எட்டிப் பார்த்துச்சு, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுன்னு. புங்கந்தளிர் பொறக்கறப்ப அந்த நிறத்துலதான் பொறக்கும், அப்புறம்தான் பச்சையாகும். எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

(ஒரு உபரித் தகவல்: பெரிய புங்கமரம் கோடை தொடங்கற நேரத்துல இலைய மொத்தமா கொட்டிட்டு சில நாள்லயே புதுசா தளிர்க்கும். அதப் பார்த்துட்டு "பட்டுப்போச்சு, வெட்டிடலாம்"னு அரிவாளத் தூக்கிடாதீங்க.)

வேர விரிச்சு விடறதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. பைக்குள்ள சுருண்ட வேரு தரைக்கு வந்ததும் தானா நேராயிடாது. மரம் பருத்தாலும் அந்த வேரு தண்டையே சுத்தி இறுக்கும், பக்கவாட்டுல பரவாது. பல வருஷம் கழிச்சு ஒரு பெருங்காத்துல மரம் சாயும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைய ஆட்டுன ஆட்டம் மறந்திருக்காது. மறுநாள் தெருத்தெருவா சாஞ்சு கெடந்த மரங்களப் பார்த்தேன். எத்தனை மரத்துக்கு அடியில பிளாட்பார அகலத்துக்கு மேல வேரே இல்ல! சுத்தியும் சிமெண்ட்டு, எங்க போகும் பாவம். டெல்லில மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்கு சிமெண்ட்ட எடுக்கணும்னு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லயே உத்தரவு போட்டுச்சு. நம்ம தெருவுல பேவர் பிளாக் போட வந்தா, தண்ட ஒட்டிப் போடாம அந்த ஒரு மீட்டரக் கேட்டு வாங்குங்க. போட்டு முடிச்சதுக்கப்புறம் சண்டை போட்டா நடக்காது.

அடுத்தது கட்டு. கன்னுக்கு முட்டுக் குச்சி வெக்கறது சரி. அதக் கட்டுக்கம்பியாலயும் நைலான் கயித்தாலயும் இறுக்கிக் கட்டறது கொலை. தண்டு பருக்கப் பருக்க கம்பி பட்டைக்குள்ள போகும். இலை தயாரிச்ச சாப்பாடு கீழ வேருக்குப் போறதே பட்டைக்கு அடியிலதான். அந்த வழிய நெரிச்சா வேரு பட்டினி கெடந்து சாகும். எங்க பஸ் ஸ்டாப்புல ஒரு வேப்பமரம் இருக்கு. கம்பி உள்ள பொதைஞ்சு, அதுக்கு மேல வீங்கி, கீழ சூம்பி நிக்குது. பார்க்கறப்பல்லாம் வயிறு எரியும்.

பழைய காட்டன் சேலைக் கிழிசல் எடுத்து, எட்டு வடிவத்துல, தளர்வா கட்டுங்க. கன்னு காத்துல கொஞ்சம் ஆடணும். ஆட ஆடத்தான் தண்டு பருக்கும், வேரு புடிக்கும். ஒரு வருஷத்துல முட்டுக் குச்சிய எடுத்துடுங்க. இரும்புக் கூண்டுக்கும் இதேதான். ஆடு மாடு கடிக்காம இருக்கக் கூண்டு வேணும், கிராமத்துல கருவேல முள்ளே போதும். ஆனா மரம் பருத்தா கூண்டை அறுத்து எடுக்கணும். போடறப்ப ஸ்பான்சர் பேரு எழுதற ஆளு, எடுக்கறப்ப வர்றதே இல்ல.

மூடாக்கு போடுங்க. காஞ்ச இலை, தென்னை மட்டை, நார்க்கழிவு, எது கெடைக்குதோ அது, மூணு நாலு இஞ்ச் கனத்துக்கு. தண்டத் தொடாம கொஞ்சம் தள்ளி. தெருக்கூட்டின சருகக் கொளுத்தாம கன்னு காலடில போட்டா தண்ணி மிச்சம், களையும் அவ்வளவா மொளைக்காது. மூடாக்கு இருந்தா புல்லு வெட்டற மிஷினும் தண்டு கிட்ட வராது. அந்த மிஷின்ல சுத்தற நைலான் நரம்பு பட்டையச் சுத்தி வெட்டிட்டா கன்னு அவ்வளவுதான்.

யூரியாவ அள்ளிப் போடாதீங்க. பச்சைச் சாணியும் வேண்டாம், சூடு, புழு ரெண்டும் வரும். மக்கின எரு, கரையான் இருக்கற மண்ணுன்னா கூட வேப்பம்புண்ணாக்கு, போதும். முதல் வருஷம் கீழ் இலையக் கழிக்காதீங்க. "நேரா வளரட்டும்"னு மொட்டையடிக்கறவங்க வேருக்குப் போற சோத்தப் புடுங்கறாங்க.

எண்ணிக்கை வெறி பத்தியும் சொல்லிடறேன். 2017 ஜூலை 2-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்துல 12 மணி நேரத்துல ஆறு கோடிக்கு மேல நட்டதா அறிவிச்சாங்க. 2019 நவம்பர் 11-ஆம் தேதி துருக்கில நாடு முழுக்க 1 கோடியே 10 லட்சம். சில மாசத்துல அங்க இருக்கற வனத்துறைத் தொழிற்சங்கம், தாங்க பார்த்த எடங்கள்ல 90 சதவீதம் வரைக்கும் பட்டுப்போச்சுன்னு சொல்லுச்சு. தப்பான நேரம், தண்ணி இல்லங்கறது அவங்க சொன்ன காரணம். அரசாங்கம் மறுத்துச்சு. மியாவாக்கி காடு வெக்கறவங்க ஒரு சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னு நெருக்கி வெக்கறாங்க, அதுக்கும் ரெண்டு மூணு வருஷம் தண்ணியும் களையெடுப்பும் வேணும். அந்தச் செலவ முதல்லயே எடுத்து வெக்கலேன்னா ஆரம்பிக்கவே கூடாது.

இதுக்கு நேர் எதிர் கர்நாடகாவுல சாலுமரத திம்மக்கா. அவங்களும் வீட்டுக்காரர் சிக்கய்யாவும் கூலி வேலை பார்த்துக்கிட்டே ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் நடுவுல ரோட்டோரம் ஆலங்கன்னு வெச்சாங்க. முதல் வருஷம் பத்து. அடுத்த வருஷம் பதினஞ்சு. அதுக்கடுத்து இருபது. கிலோமீட்டர் கணக்கா குடத்துல தண்ணி சுமந்தாங்க, மாடு மேயாம முள்ளு வெட்டி அடைச்சாங்க. அப்படியே 385 ஆலமரம்னு கணக்கு. 2019-ல பத்மஸ்ரீ. எனக்கு அந்த 385-ஐ விட முதல் வருஷத்துப் பத்துதான் பெருசாத் தெரியுது. சுமக்க முடிஞ்ச தண்ணிக்கு எத்தனை கன்னோ அத்தனைதான் வெச்சிருக்காங்க.

கென்யாவுல வங்காரி மாத்தாய் 1977-ல பசுமைப் பட்டை இயக்கம் ஆரம்பிச்சப்பவும் இந்தத் தெளிவு இருந்துச்சு. கிராமத்துப் பொண்ணுங்களுக்குக் கன்னுக்கு இவ்வளவுன்னு சின்னதா ஒரு தொகை குடுத்தாங்க. நட்ட கன்னுக்கு இல்ல, பொழைச்ச கன்னுக்கு. நம்ம ஊர் டெண்டர்லயும் நற்பணி மன்றத்துலயும் இந்த ஒரு விதி வந்தா போதும். நட்ட அன்னிக்கு மாலை போட வேண்டாம், மூணாவது வருஷம் போடுங்க.

உங்க தெருவுலயும் போன மழைக்கு யாரோ நட்ட கன்னு ஒண்ணு கண்டிப்பா நிக்கும். இந்த சனிக்கிழமை காலைல போய்ப் பாருங்க. கம்பி கட்டியிருந்தா அறுத்து விடுங்க. நகத்தால சுரண்டிப் பாருங்க. பாத்தி கட்டி ஒரு குடம் ஊத்துங்க. அப்புறம் எதிர்வீட்டுக் கதவத் தட்டி, "வாரத்துக்கு ஒரு குடம் ஊத்த முடியுமா"ன்னு கேளுங்க. நான் கேட்ட வீடுகள்ல பெரும்பாலும் சரின்னுதான் சொன்னாங்க.